மதுரையில் இருக்கும் வீட்டுக்குப் பூ அனுப்புவது

ஐதராபாத்தில் வேலை, மதுரையில் உறவுகள் என்று வாழும் என்னைப் போன்றவர்களுக்குப் பிறந்தநாள், மணநாள், புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என்று வருடம் முழுவதும் வாழ்த்துச் சொல்ல வேண்டிய நாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. புடவையோ பாத்திரமோ கூரியரில் அனுப்பலாம், பணமாகவும் போட்டுவிடலாம். ஆனால் எதை அனுப்பினாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது "எதுக்கு இந்த வீண் செலவு" என்பதுதான். பூவுக்கு மட்டும் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. அதனால் சில ஆண்டுகளாக மதுரையில் உள்ள வீடுகளுக்கு நான் பூவைத்தான் அனுப்பி வருகிறேன். பெரியம்மா வீட்டுத் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பூக்கார அக்காவிடம் கைப்பேசியில் சொல்லிவிட்டால் போதும்; மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இப்படி அனுப்புவதில் உள்ள நன்மையையும், அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய சில நுட்பங்களையும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இணையத்தில் படம் பார்த்துப் பூங்கொத்து அனுப்பும் வசதி இப்போது எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வெளியூரில் இருந்த நாங்கள் சிலர் சேர்ந்து அப்படி ஒரு தளத்தில் பணம் கட்டினோம். காலையில் வரவேண்டிய பூங்கொத்து, விருந்தெல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், வேறு ஊரிலிருந்து அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. ரோஜாக்களின் வெளியிதழ்கள் ஓரம் கருத்துப்போயிருந்தன. பூவைவிட வண்ணத்தாளும் பளபளக்கும் ரிப்பனும்தான் அதிகம் இருந்தன. கொண்டுவந்த இளைஞரைக் குறைசொல்லிப் பயனில்லை. பறித்த நேரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் குன்றிக்கொண்டே போகும் பொருளை, எங்கோ ஓரிடத்தில் கட்டி, பெட்டியில் அடைத்து, பேருந்தில் ஏற்றி அனுப்பும் ஏற்பாட்டிலேயே குறை இருக்கிறது.

பூ வியாபாரிகள் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். 1908ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஹூப்னர் என்ற பூ வியாபாரி, ஓர் ஊரில் வாடிக்கையாளர் பணம் கட்டினால் மற்றோர் ஊரில் இருக்கும் கடைக்காரர் அங்குள்ள புதுப்பூவை எடுத்துக்கொடுக்கும் முறையை ஜெர்மனியில் தொடங்கினார். அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் 1910இல் இதே நோக்கத்துடன் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியபோது, அதன் பெயரிலேயே தந்தி என்ற சொல் இடம்பெற்றிருந்தது. தந்தியில் செய்தி போகும், பூ அந்தந்த ஊரிலேயே புறப்படும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று நான் ஐதராபாத்திலிருந்து மதுரைக்குக் கைப்பேசியில் அழைத்துச் செய்வதும் அதுவேதான். பெயர் பெற்ற பல நிறுவனங்களின் இன்றைய ஏற்பாட்டில், அந்தக் கடைசிக் கடைக்காரர் யார், அவர் எந்தப் பூவை எப்போது வாங்கினார் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நேராக அவரிடமே பேச வழி இருக்கும்போது நடுவில் வேறொருவர் எதற்கு என்பது என் எண்ணம்.

பூவையே தூரத்திலிருந்து அனுப்பும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒவ்வோர் ஆண்டும் சித்திரைத் திருவிழாவின்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்து மதுரைக்கு வருகிறது. தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் கள்ளழகர் அந்த மாலையை அணிந்துகொண்ட பிறகே வைகை ஆற்றுக்குப் புறப்படுகிறார். புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது திருப்பதிக்கும் ஆண்டாளின் மாலை போகிறது. அந்த மாலை, அவள் சூடிய மாலை என்பதற்காகவே போகிறது. வேறு எந்த மாலையும் அதற்கு ஈடாகாது. நம் வீடுகளுக்குப் போகும் பூவுக்கு அப்படிப்பட்ட நிபந்தனை ஏதும் இல்லை. அது அன்று காலையில் பறித்ததாகவும், வாங்குகிறவரின் மனத்துக்கு உகந்ததாகவும் இருந்தால் போதும்.

மதுரைக்குப் பூ என்றால் முதலில் மல்லிகைதான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும், இதழின் நீளத்துக்கு ஏறக்குறைய இணையான காம்பும் அதன் அடையாளங்கள். காம்பு நீளமாக இருப்பதால் நெருக்கமாகக் கட்ட வருகிறது. இதழ் தடிப்பாக இருப்பதால் சீக்கிரம் துவளுவதில்லை. திருமங்கலம், உசிலம்பட்டி, வலையன்குளம், நிலக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து விடியும் முன்னரே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டைகள் வரத் தொடங்கிவிடும். இந்தத் தோட்டங்களில் நடுவதற்கான கன்றுகள் ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வருகின்றன என்பதைச் சிறுவயதில் பெரியப்பா சொல்லிக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. கடலோர மணலில் வேர்விட்ட கன்று, மதுரை மண்ணுக்கு வந்து இந்த மணத்தைக் கொடுக்கிறது.

மல்லிகையைப் பரிசாக அனுப்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் நேரம். செடியிலிருந்து பறிப்பது பூவை அல்ல, மொக்கைத்தான். வெளுத்து, பருத்து, அன்று மாலையில் விரியப்போகும் மொக்கை அதிகாலையிலேயே பறித்துவிடுகிறார்கள். பகல் முழுவதும் அது மூடியே இருக்கும். மணமும் அடங்கியே இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் விரியத் தொடங்கி, இரவு ஏற ஏற மணம் பெருகும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் மல்லிகையைக் கொடுத்தால் அவர்கள் கையில் கிடைப்பது மணமில்லாத வெள்ளை மொக்கு; இரவு எட்டு மணிக்குக் கொடுத்தால் ஏற்கெனவே கடையிலேயே விரிந்த பூ. பிற்பகல் நான்கு மணியிலிருந்து ஐந்தரைக்குள் வீட்டை அடைகிற பூ, அந்த வீட்டுக்குள்ளேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே விரியும். மாட்டுத்தாவணியிலிருந்து காலையில் வாங்கிவந்த மொக்கை அக்கா ஈரச்சாக்குக்கு அடியில் வைத்திருந்து, மதியத்துக்கு மேல் கட்டி, சரியாக அந்த நேரத்தில் அனுப்புகிறார். இந்த ஒரு கணக்கு எந்த இணையதளத்தின் நேரப் பட்டியலிலும் கிடையாது. மல்லிகையை நாள்தோறும் கையில் எடுக்கிறவருக்குத்தான் அது தெரியும்.

அவர் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாழைநாரை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்கிறார். இரண்டு மொக்குகளை ஒரு பக்கமாகவும் இரண்டை எதிர்ப்பக்கமாகவும், காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இடது கை விரல்களுக்கு இடையில் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வலது கை விரலில் ஒரு கண்ணி போட்டு, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறார். அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. சற்று அதிகமாக இறுக்கினால் காம்பு அறுந்து மொக்கு உதிர்ந்துவிடும். தளர்ந்தால் கூந்தலில் வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் சரம் குலைந்துவிடும். நூலிலும் கட்டலாம், பல கடைகளில் இப்போது நூல்தான். ஆனால் ஈரநார் காம்பைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், அறுக்காது. பரிசாக அனுப்பும் பூவுக்கு நாரில் கட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். கூடக் கொஞ்சம் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். அது கைவேலைக்கான கூலி.

முதன்முதலில் அவரை அழைத்தபோது, "நல்ல பூவா ஐந்நூறு ரூபாய்க்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. "தலைக்கா, சாமிக்கா?" என்று கேட்டார். சாமிக்கு என்றால் அரளியும் செவ்வந்தியும் சம்பங்கியும் துளசியும் சேரும். தலைக்கு என்றால் மல்லிகையோ பிச்சியோ கனகாம்பரமோ வரும். அடுத்து, "வீட்டுல எத்தனை பொம்பளைங்க இருக்காங்க பாப்பா?" என்றார். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றாலும் வீட்டில் மருமகளும் பேத்தியும் இருக்கும்போது ஒரே ஒரு சரம் மட்டும் போவது அழகாக இருக்காது. பெரியவருக்கு நெருக்கக் கட்டியதில் இரண்டு முழமும் மற்றவர்களுக்குத் தலைக்கு ஒரு முழமுமாகத் தனித்தனி இலையில் மடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய முறை. பிறகு, "அன்னைக்கு வீட்டுல இருப்பாங்களா, கோயிலுக்குப் போறாங்களா?" என்றும் விசாரித்தார். பூ போய்ச் சேரும்போது வீடு பூட்டியிருந்தால் வாசல் கம்பியில் தொங்கவிட்டு வருவதில் அவருக்கு உடன்பாடில்லை.

இந்தக் கேள்விகள்தான் ஊர்ப் பூக்கடைக்காரரிடம் நமக்குக் கிடைக்கும் முதல் லாபம் என்று கருதுகிறேன். நாம் அனுப்ப நினைப்பது எது என்பதைவிட, அங்கே வாங்குகிற வீட்டில் அது என்னவாகப் போகிறது என்பதைப் பற்றியே அவருடைய கேள்விகள் அனைத்தும் இருக்கின்றன.

பெரியம்மாவின் பிறந்தநாளில் இதை முழுமையாக உணர்ந்தேன். பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பெரியப்பா இருந்தவரை பூ வைக்காமல் ஒரு நாளும் அவர் பள்ளிக்குப் போனதில்லை. பெரியப்பா காலமான பிறகு, எங்கள் உறவில் யாரும் அவருக்குப் பூ கொண்டுபோவதில்லை. விசேஷ வீடுகளில் பூத்தட்டு அவர் இருக்கும் பக்கம் வராமல் திரும்பிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்வதில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று எண்ணியே விலக்குகிறார்கள். அப்படி விலக்குவதே அவரை நோகச் செய்கிறது என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கணவர் இல்லாத பெண் பூவை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் உரிமை உறவுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை; இந்த வழக்கம் நம் தலைமுறையோடு ஒழிய வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை எழுபது வயதைக் கடந்த ஒருவரின் வாசலில், அவருடைய பிறந்தநாளன்று, அவரைக் கேட்காமல் கொண்டுபோய் வைப்பது முறையா என்ற தயக்கம் எனக்கு இருந்தது.

அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. "டீச்சரம்மாவுக்குக் கட்டின பூவக் குடுத்தா வாங்கிக்குவாங்க பாப்பா. வாங்கிட்டு உள்ள போயி சார் படத்துக்குப் போட்டுட்டு அழுவாங்க. நான் உதிரியாக் குடுக்குறேன்" என்றார். சிறிய பனையோலைப் பெட்டி ஒன்றில் அடியில் வாழையிலைக் கிழிசலைப் பரப்பி, கால் கிலோ அளவுக்கு உதிரி மல்லிகை மொக்கைப் போட்டு, ஓரத்தில் மரிக்கொழுந்துக் கொத்து ஒன்றைச் செருகி, மகனிடம் கொடுக்காமல் தாமே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். "ஐதராபாத்துப் பாப்பா வீட்டுல வாசத்துக்கு வச்சுக்கச் சொல்லிச்சு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தலைக்கு என்றும் சொல்லவில்லை, சாமிக்கு என்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பெரியம்மா என்னை அழைத்தார். பெட்டியைத் திறந்தபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்திருந்தாராம். "கண்ணு அசந்துட்டு முழிச்சுப் பாக்குறேன்டி, அறை பூராவும் வாசம்" என்றார். பிறகு வெகுநேரம் பள்ளிக்கூடத்துக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார். பூவைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பின் சில மாதங்கள் கழித்து, வேறொரு நாளுக்குப் பூ சொல்ல அழைத்தபோது அக்கா ஒரு செய்தியைச் சொன்னார். பெரியம்மா கடைப்பக்கம் வந்தவர், "பாப்பா அனுப்பச் சொன்னா, இனிமே ஒரு முழம் கட்டியே குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து பெட்டியோடு ஒரு முழமும் போகிறது. அதை அவர் சூடிக்கொள்கிறாரா, படத்துக்குப் போடுகிறாரா என்று அக்கா என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

எந்தப் பூவை அனுப்புவது என்பதைப் பொறுத்தவரை, அன்றைய வரத்தைப் பார்த்துக் கடைக்காரரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவதுதான் நல்லது. மல்லிகைச் செடியைக் கார்த்திகை வாக்கில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். மாசி, பங்குனியில் பூக்கத் தொடங்கி, கோடை முழுவதும் பூத்துக் குலுங்கும். மார்கழி, தை மாதப் பனியில் மொக்கு சிறுத்து, வரத்து பாதாளத்துக்குப் போய்விடும். அந்த நாள்களில் மல்லிகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கொடுக்கிற காசுக்குச் சுண்டுவிரல் நகம் அளவு மொக்குதான் கிடைக்கும். அப்போது பிச்சிப்பூவையோ முல்லையையோ கேட்கலாம். மொக்கின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பிச்சியை ஜாதிமல்லி என்றும் சொல்வார்கள். மெல்லிய இதழ், சீக்கிரம் வாடும், ஆனால் மணத்தில் அது யாருக்கும் சளைத்ததில்லை. கனகாம்பரத்துக்கு மணமே கிடையாது. நிறத்துக்காகவும் நாள்பட நிற்பதற்காகவும் அதைச் சேர்க்கிறார்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, பன்னீர் ரோஜா என்று கலந்து கட்டும் கதம்பத்தை வயதானவர்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்பது என் அனுபவம். கதம்பத்துக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. ஏதாவது ஒரு பூவின் விலை அன்று ஏறியிருந்தாலும் அதைக் குறைத்து மற்றதைக் கூட்டிக் கட்டிவிடலாம்.

பூங்கொத்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அலுவலகத்தில் பணி ஓய்வு பெறும் ஒருவருக்கு மல்லிகைச் சரத்தைக் கொடுக்க முடியாது. ஓசூரின் ரோஜாவும் நீலகிரியின் கார்னேசனும் லில்லியும் இப்போது எல்லா நகரங்களுக்கும் வருகின்றன. நீண்ட காம்போடு தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம்கூட நிற்கும். அங்கும் ஊர்க் கடைக்காரரிடமே சொல்வதுதான் நல்லது; இன்று வந்தது எது, நேற்றே வந்தது எது என்று அவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். கூடையில் பூவைச் செருகுவதற்கு அடியில் வைக்கும் பச்சை நுரைக்கட்டி மக்குவதில்லை; உதிர்ந்து பொடிப்பொடியாக மண்ணில் தங்கிவிடுகிறது. கண்ணாடிக் குவளையிலோ மண்குடுவையிலோ தண்ணீர் ஊற்றி வைத்துக் கொடுக்கச் சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

மருத்துவமனைக்கு மணமுள்ள பூவை அனுப்ப வேண்டாம். பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் நோயாளிக்கு அந்த மணம் குமட்டலாம். வீடு திரும்பிய பிறகு அனுப்பினால் போதும். துக்க வீட்டுக்கு மாலை சொல்லும்போது கடைக்காரரிடம் காரியத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாலை என்று மட்டும் சொன்னால் அவர் மணமாலைக்கான பூவை எடுத்துவிடக்கூடும். அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் அவருக்கே தெரியும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூவின் விலை தங்கத்தைப் போல நாள்தோறும் மாறுகிறது. முகூர்த்த நாளில் காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை. சித்திரை, வைகாசியில் வரத்துப் பெருகும்போது கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அதே மல்லிகை, பொங்கலை ஒட்டிய நாள்களில் சில ஆயிரங்களைத் தொடும். ஆகவே இத்தனை முழம் என்று அளவைச் சொல்லாமல், இத்தனை ரூபாய்க்குள் என்று தொகையைச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. நான் முதல்நாளே கூகுள் பேயில் பணத்தை அனுப்பிவிடுகிறேன். விடியற்காலையில் மார்க்கெட்டில் கைக்காசு கொடுத்து வாங்குகிறவரிடம் பூ போய்ச் சேர்ந்த பிறகு தருகிறேன் என்று சொல்வது அவருடைய கைமுதலில் கைவைப்பதாகும். பூவின் விலை வேறு, கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி வேறு என்று பிரித்துக் கேட்டுக்கொள்வதும் அவசியம். தெரிந்த வீடுதானே என்று பலரும் கூலியைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். நாமாகக் கேட்டுக் கொடுக்க வேண்டும். அக்காவின் மகன் மொபெட்டில் வெயிலில் போய்வருகிறான். பெட்ரோலுக்கும் அவன் நேரத்துக்கும் விலை உண்டு.

வாங்கிய வீட்டில் பூவை எப்படி வைத்துக்கொள்வது என்பதை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். சரத்தை ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, வாழையிலையில் மடித்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாளும் சூடலாம். தண்ணீரை மொக்கின் மேல் நேராகத் தெளித்துக் குளிப்பாட்டினால் பழுப்புப் புள்ளி விழும். காம்புள்ள பூக்களைப் பொறுத்தவரை, காம்பின் நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் நறுக்கி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பழுக்கிற வாழைத்தாருக்கும் மாம்பழக் கூடைக்கும் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும். நம் வீடுகளில் சாமி மேசையில் பழமும் பூவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழக்கமில்லாத ஊரில் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தோழி ஒருத்தி கேட்டாள். கோயில் வாசலில் தினமும் பூ கட்டும் கடைகளை முதலில் விசாரிக்கலாம். நாள்தோறும் விற்றுத் தீருகிற இடத்தில் பழைய பூ தங்காது. அதைவிடவும் நல்ல வழி, பூ போய்ச் சேர வேண்டிய வீட்டின் பக்கத்து வீட்டுக்காரரிடமே, அந்தத் தெருவுக்குப் பூ போடுகிறவர் யார் என்று கேட்பதுதான். தெருவுக்கு வாடிக்கையாகப் பூ போடுகிறவருக்கு அந்த வீட்டில் யாருக்கு எந்தப் பூ பிடிக்கும் என்பதும், யாருக்கு மணம் தலைவலியைத் தரும் என்பதும் தெரிந்திருக்கும். ஊருக்கு ஊர் கைவேலை மாறும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பக்கம் யாருக்காவது சிறப்பாக ஏதேனும் செய்ய வேண்டும் என்றால், தோவாளையில் கட்டப்படும் மாணிக்க மாலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அரளிப்பூவையும் நொச்சி இலையையும் தட்டையாக மடித்துக் கோத்து, மணிக்கற்களைப் பதித்ததுபோல் செய்யும் அந்த மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மதுரையில் கேட்டுப் பயனில்லை. அதேபோல் மதுரையில் கட்டுவதுபோன்ற சரத்தை அங்கே எதிர்பார்க்கவும் கூடாது.

வரும் தை மாதத்தில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. பொங்கல் முடிந்த உடனேயே வரும் முகூர்த்தம் என்பதால் மல்லிகை விலை இறங்கியிருக்காது. அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். ஒருவேளை மல்லிகை கிடைக்காவிட்டால் சடைக்குக் கனகாம்பரத்தையும் பிச்சியையும் வைத்துத் தைத்துவிடலாம் என்றும், தாழம்பூ கிடைத்தால் நடுவில் வைக்கலாம் என்றும், வருகிற பெண்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கக் கதம்பமே போதும் என்றும் அவரே திட்டம் போட்டுவிட்டார். அன்று பூத்தட்டு பெரியம்மாவைத் தாண்டிப் போகக்கூடாது என்பதைச் சித்தி மகளிடம் நானே பேசிவிட்டேன். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.